சமூகவியலும் பரபக்கமும்

பென்னாகரத்தில் அன்பர் சிலர் கூடி நடத்திய பெரியபுராண விரிவுரை ஒன்றிற்கு யான் சென்றிருந்தேன். எடுத்துக்கொண்ட பொருள் பூசலார் நாயனார் வரலாறு. விரிவுரை முடிந்து திருநீறு வழங்குங்காலத்து, கூட்டத்தின் கடையிலிருந்த கல்லூரி மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, நான் சமூகவியல் படிக்கிறேன். மக்கள் கடவுள் என்று வணங்குவது தங்கள் சமூகத்தையே என்று எங்கள் பாடத்தில் வருகிறது. பூசலார் வரலாற்றுக்கு அது பொருந்துமா? பொருந்தாது என்றால் அதை எப்படி மறுப்பது?" என்று வினவினார். வினவிய முறையில் பணிவு இருந்தது. வினாவில் வன்மையும் இருந்தது. அவர் வாய்மூடுமுன்னரே முதல் வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர், "நாத்திகம் படிக்கப் பணம் கட்டிவிட்டு இங்கே வந்து பேசாதே; உட்கார்" என்றார். வேறிருவர் அதனை ஆதரித்து முழங்கினர். மாணவர் அமர்ந்தார், சிறிது பொழுதில் இடத்தைவிட்டு அகன்றார். யான் என் செய்தேன்? ஒன்றுஞ் செய்திலேன். அன்று என்னிடத்து விடை இல்லை என்பதே உண்மை. விடையில்லாதவன் வாளாவிருந்ததைக் கூட்டத்தார் அடக்கம் என்று கொண்டனர் போலும்.

இஃது ஓரூரில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி என்று விடுதற்கில்லை. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் 1919-ஆம் ஆண்டில் தனித்துறையாகத் தோன்றிய சமூகவியற் கல்வி நூறாண்டுக்குள் நாடெங்கும் பரவிவிட்டது. சேலத்தில் 1997-ல் நிறுவப்பெற்ற பெரியார் பல்கலைக்கழகத்தில் அதற்கெனத் துறை உண்டு. பென்னாகரத்திலேயே இப்பொழுது அரசினர் கலை அறிவியற் கல்லூரி இருக்கின்றது. இந்திய ஆட்சிப்பணித் தேர்வு எழுதுவோருள் சமூகவியலை விருப்பப்பாடமாகக் கொள்வார் பலர். அதன் முதற்றாளிலேயே மார்க்ஸ், டுர்க்கைம், வெபர் என்னும் மூவர் பெயரும் நிற்கின்றன. மலையும் மானாவாரிப் புன்செய்யும் மிக்க இப்பகுதியில், பல குடும்பங்களில் கல்லூரி வாயிலை முதன்முதல் மிதித்தவர் இப்பிள்ளைகளே. பாடம் முடிந்து வீடு திரும்புங்கால் அம்மூவர் கொள்கையும் அவர்களோடு வருகின்றன. திருநீற்றுக் கோயிலும் தேவார ஏடும் உள்ள வீட்டிற்குள்ளேயே வருகின்றன. அவற்றிற்கு நாம் வைத்திருக்கும் விடை "உட்கார்" என்னும் ஒரு சொல்லேயாயின், சில ஆண்டுகளில் நம் விரிவுரைகளில் உட்காருவதற்கு எவரும் இரார்.

யான் ஈண்டு எதிர்க்கப் புகுவது இரு திறத்தாரை. அந்நூலைத் தீண்டலாகாது என்பார் ஒரு திறத்தார். அந்நூல் கூறியதே முடிந்த முடிபு என்று மாணாக்கரை உருப்போடச் செய்வார் மற்றொரு திறத்தார். முன்னவர் நம்மவராதலின் அவரை முதற்கண் கண்டித்தலே முறை.

சைவப் பெரியீர்! அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரு கூறாக வகுத்தது எற்றுக்கு? உலகாயதம் முதலாகப் பாஞ்சராத்திரம் ஈறாகப் பதினான்கு மதங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் அவ்வம் மதத்தார் தாமே கூறுமாறு முதலில் நிறுத்தி, அதன் பின்னரன்றோ மறுதலை கூறினார்? உலகாயதன் வாதத்தை அவர் கூறும் பகுதியைத் தனியே படிப்பார்க்கு, அவரே உலகாயதரோ என்னும் ஐயம் எழும்; அத்துணை நேர்மையாகப் பிறர் கொள்கையை எடுத்துரைத்தார். உமாபதி சிவாசாரியர் சகம் 1235-ல், அஃதாவது கி.பி. 1313-ல், சங்கற்ப நிராகரணம் செய்தபொழுதும் பிறர் மதங்களை நெருங்கி ஆராய்ந்தே செய்தார். சைவத்தோடு மிக அணுகிய மதங்களையும் விட்டாரல்லர். பிறர் நூலைப் படியாது மறுத்தல் நம் சந்தான ஆசாரியர் எவரும் செய்யாத செயல். பரபக்கம் கல்லாது சுபக்கம் மட்டும் ஓதுவேம் என்பார், பாதி நூலை வைத்துக்கொண்டு முழுநூலின் பெயரைச் சொல்லித் திரிகின்றனர் என்க.

அற்றேல், பரபக்கத்திலேயே உலகாயதம் மறுக்கப்பட்டிருக்க, மீண்டும் இப்புது நூல் கற்பது எற்றுக்கு எனின், சமூகவியலார் எல்லாரும் உலகாயதர் அல்லர். முதல் வரிசைப் பெரியவர் வழுவியது இவ்விடத்தேதான். எமீல் டுர்க்கைம் என்னும் பிரெஞ்சுப் பேராசிரியர் 1912-ல் சமய வாழ்வின் தொடக்க வடிவங்களைக் குறித்து ஒரு பெருநூல் எழுதினார். அம்மாணவர் குறித்த கொள்கை அதன்கண் உள்ளது. சமயம் வெறும் பொய், குருமார் செய்த வஞ்சனை என்னும் உலகாயதக் கூற்றை அவர் ஏற்றவரல்லர். பொய்யின்மேல் எழுந்த ஒன்று இத்துணைக் காலம் நிலைபெறாது. சமயங்கள் யாவும் தத்தம் முறையில் உண்மையே. வழிபாடு மெய்யாகவே வலிமை தருகின்றது. ஆனால் அவ்வலிமையின் ஊற்று கடவுள் அன்று, கூடிநிற்கும் சமூகமே என்பது அவர் துணிபு. இதனை உற்றுநோக்குவார்க்கு ஒன்று புலப்படும். கிரியை பயன் தரும், ஆயினும் பயன் தருதற்கு ஈசுவரன் வேண்டா என்ற மீமாஞ்சகர் இருந்த ஆசனத்தில் இவர் வந்து அமர்ந்திருக்கின்றார். பட்டாசாரியனுக்கும் பிரபாகரனுக்கும் நம் ஆசாரியர் சொன்ன விடையை, இவருக்கு ஏற்பத் திருத்திச் சொல்லவேண்டுமேயன்றி, உலகாயதனுக்குச் சொன்ன விடையைத் தூக்கி எறிந்தால் அஃது அவர்மேற் படாது.

அவர் வாதத்தைச் சுருக்கி உரைப்பல். ஆத்திரேலியப் பழங்குடியினருள் ஒவ்வொரு குலத்திற்கும் ஒரு விலங்கோ செடியோ குலக்குறியாக உண்டு. அக்குறியே அவர் வணங்கும் ஆற்றலுக்கும் குறி. அவர்தம் குலத்திற்கும் குறி. ஒரே குறி இரண்டிற்கும் நிற்றலின் இரண்டும் ஒன்றே என்பது அவர் அனுமானம். இனி, அக்குடியினர் சிதறி உணவு தேடுங்காலத்துச் சோர்ந்திருப்பர். திரண்டு கூத்தாடுங்காலத்து ஒருவர் உள்ளத்தெழுந்த கிளர்ச்சி மற்றையோரைப் பற்றி, தம்மினும் பெரியதோர் ஆற்றல் தம்மை ஆட்கொண்டதாக உணர்வர். அவ்வுணர்ச்சியே கடவுட் கொள்கைக்கு வித்து என்பர். இந்நூலை எழுதியவர் ஆத்திரேலியாவிற்குச் சென்றவரல்லர். பிறர் எழுதிய குறிப்புகளைக் கொண்டே எழுதினார். அது கொண்டே அவரை இகழ்தல் தகாது. நம்முள்ளும் கயிலையைக் காணாது கயிலைப் பெருமை பேசுவார் பலர்.

இக்கொள்கையில் மெய்யில்லை என்று யான் கூறேன். ஆடிப்பெருக்கன்று ஒகேனக்கல்லுக்குச் சென்றவர் இதனை எளிதில் உணர்வர். காவிரிக் கரையெங்கும் மக்கள் வெள்ளம். தனியே வந்தவனும் அன்று தனியனாகத் திரும்பான். பென்னாகரம் வட்டத்திலேயே வேறோர் எடுத்துக்காட்டும் உண்டு. சுப்பிரமணிய சிவா, தொழுநோயால் நைந்த உடலோடு பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் அமைத்து, சாதி சமய வேறுபாடின்றி யாவரும் வழிபடப் பாரத மாதாவிற்கு ஓர் ஆலயம் எழுப்ப முயன்று, அது முற்றுறுமுன்னரே 1925 சூலை 23-ஆம் நாள் அவ்வூரிலேயே உயிர்நீத்தார். நாடு என்னும் மக்கட்டொகுதியையே தெய்வமாக நிறுத்த விழைந்த செயல் அது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் தாய்நாடு, விடுதலை முதலியன தெய்வத்தன்மை பெற்றதை டுர்க்கைமே எடுத்துக்காட்டுகின்றார். பாப்பாரப்பட்டியைக் கண்டிருப்பின் அதனையும் சேர்த்திருப்பார். சமூகம் ஒன்றைப் புனிதமாக்க வல்லது என்பதனை நாம் மறுக்கவேண்டுவதில்லை.

மறுக்கவேண்டுவது யாது? சமூகம் சிலவற்றைப் புனிதமாக்கும் என்பதினின்று, புனிதமாயின யாவும் சமூகம் ஆக்கியனவே என்று செல்லும் தாவலையே. புகையுள்ள இடத்து நெருப்புண்டு என்றால், நெருப்புள்ள இடமெல்லாம் புகையுண்டு என்பது பெறப்படுமோ? பழுக்கக் காய்ச்சிய இரும்பிற் புகையில்லை என்று தருக்கநூல் தொடங்கும் மாணாக்கனும் கூறுவான். குறி ஒன்றாதலின் குறிக்கப்பட்ட பொருளும் ஒன்று என்னும் வாதமும் இத்தகையதே. ஏறு சிவபெருமான் கொடியிலும் உண்டு. பல்லவ வேந்தர் முத்திரையிலும் உண்டு. ஆகலின் பல்லவ வேந்தனும் பரமசிவனும் ஒருவரே என்று எவரேனும் கூறின், அவரைக் கல்வெட்டாராய்ச்சியாளர் என் சொல்வர்?

இனிப் பூசலாரிடம் வருவோம். காஞ்சியில் அரசன் கற்றளி எடுத்தான். குடமுழுக்கிற்கு நாள் வைத்தான். நாடு முழுதும் திரண்டது. திருநின்றவூரில் பூசலார் கையிற் காசின்றி மனத்தினுள்ளே தச்சரைச் சேர்த்து, நாட்பார்த்து, கோயில் எடுத்தார். ஊரார் ஒருவரும் அறியார். இறைவன் அரசனது நாளை ஒத்திவைக்கச் சொல்லிப் பூசலார் கோயிலுக்கு எழுந்தருளினான் என்பது சேக்கிழார் வாக்கு. கூட்டத்தின் கிளர்ச்சியே கடவுளாயின், அக்கடவுள் காஞ்சியிலன்றோ இருந்திருத்தல்வேண்டும்? காளத்தி மலையில் ஆறு நாள் தனித்துநின்ற கண்ணப்பர்க்கும், ஆலங்காட்டுச் சுடலையில் தனித்திருந்த அம்மையார்க்கும் கிளர்ச்சியூட்டிய கூட்டம் யாது?

இதற்கு அவர்தம் மாணாக்கர் ஒரு விடை கூறுவர். அதனையும் கேட்டல் வேண்டும். பூசலார் மனத்தெழுந்த கோயிலும் ஊரார் கட்டும் கோயிலைப் பார்த்து எழுந்ததே. தச்சர், நாள், கும்பம் என்னும் எண்ணங்களையெல்லாம் அவருக்குத் தந்தது சமூகமே. ஆகலின் தனித்திருந்தும் அவர் சமூகத்தோடே இருந்தார் என்பர். இவ்விடையில் பாதி சரியானது. வடிவையும் சொல்லையும் சமூகம் தந்தது என்பதில் ஐயமில்லை. எழுத்தை அறிவித்தவர் பள்ளி ஆசிரியர். அவ்வெழுத்தறிவால் யான் தந்தையார் விடுத்த கடிதத்தைப் படிக்கின்றேன். அது கொண்டு, என் தந்தையாரைப் பள்ளி ஆசிரியரே படைத்தார் என்பரோ? கருவியைத் தந்ததனாற் கருவியால் அறியப்படும் பொருளையும் தந்ததாகாது. புராணத்தைச் சான்றாகக் கொள்ளோம் என்று அவர் கூறின், அதுவும் அமையும். மக்கள் எதனைத் தெய்வமாகக் கொண்டனர் என்பதையே அவர் விளக்கப் புகுந்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் தமிழ்மக்கள், ஊரோடு ஒத்துப்போனவரைக் காட்டிலும் ஊரோடு மாறுபட்டுத் தனித்துநின்ற அடியாரையே தலைமேற்கொண்டு போற்றினர் என்பது வரலாறு. அவ்வரலாற்றை விளக்காத கொள்கை குறையுடைய கொள்கையே.

தனித்தனி மக்களிடத்து இல்லாத புதியதோர் ஆற்றல் கூட்டத்தின்கண் தோன்றும் என்பதற்கு டுர்க்கைம் காட்டும் உவமை வெண்கலம். செம்பு, வெள்ளீயம், காரீயம் ஆகிய மூன்றும் மெல்லியன. கலந்தால் வன்மை பிறக்கின்றது என்பர். நம் பரபக்கம் கற்றார்க்கு இது பழைய பாட்டே. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு கூடச் சிவப்புத் தோன்றுமாறுபோலப் பூதங்கள் கூட அறிவு தோன்றும் என்றான் உலகாயதன். தாம்பூலம் இருந்த இடத்து வெண்கலம் வந்தது, வாதம் அதுவே. கூட்டுறவிற் புதுக்குணம் தோன்றும் என்பதை ஏற்போம். தோன்றிய வன்மையும் சிவப்பும் சடத்தின் குணங்களே. சடம் கூடி அறிவுப்பொருள் ஆயதற்கு அவை உவமையாகா. அன்றியும், வெண்கலம் தானே கூடிற்றோ, கன்னான் கூட்டினானோ? சிற்றறிவுடைய உயிர்கள் ஆயிரம் கூடினும் சிற்றறிவின் தொகுதியாமேயன்றி முற்றறிவு ஆகாது. குருடர் நூற்றுவர் கைகோத்து நிற்றலால் வழி தெரிவதில்லை.

இவையெல்லாம் தருக்கம். தருக்கத்தினும் கொடியதொரு சான்று நம் மாவட்டத்திலேயே உண்டு. அதனைச் சொல்லாது விடுதல் அறமன்று. 2012 நவம்பர் 7-ஆம் நாள் மாலை, தருமபுரியை அடுத்த நத்தம் முதலிய மூன்று குடியிருப்புகளில், சாதி கடந்த திருமணம் ஒன்றைத் தலைக்கீடாகக் கொண்டு, பெருங்கூட்டம் புகுந்து தாழ்த்தப்பட்ட மக்களின் வீடுகள் இருநூற்றுக்கு மேற்பட்டவற்றைக் கொளுத்தியது. அக்கூட்டத்திற் கிளர்ச்சி இல்லையோ? ஒருவனுள்ளத்தெழுந்தது மற்றவனைப் பற்றவில்லையோ? தம்மினும் பெரியதோர் ஆற்றல் தம்மை உந்தியதாக அவர் உணர்ந்திலரோ? ஒகேனக்கல்லில் நீராடிய கூட்டத்தின் உணர்ச்சி தெய்வமாயின், தீயிட்ட கூட்டத்தின் உணர்ச்சியும் தெய்வமே ஆகல்வேண்டும். அஃதன்று, அது சமூகத்தின் ஒரு பகுதியே, இழிந்த பகுதியே. யாம் கூறுவது உயர்ந்த சமூகத்தை என்பாராயின், இழிந்தது இது, உயர்ந்தது இது என்று அளக்கும் கோல் எங்கிருந்து வந்தது? உள்ள சமூகத்தினின்று வந்ததாயின், அதுவும் தீயிட்ட சமூகத்தின் கோலே. இல்லாத, இனி வரவேண்டிய சமூகத்தினின்று வந்ததாயின், கண்ணாற் காணப்பட்டவற்றையே ஆராய்வேம் என்ற உறுதி அங்கே கைவிடப்பட்டது. சமூகத்தைக் கடந்துநின்று அதனை முறைசெய்யும் ஒருவன் உளன் என்று சித்தாந்தம் கூறுவது இவ்விடத்திற்குத்தான் வேண்டப்படுகின்றது.

இவ்வாதம் டுர்க்கைமைத் தாக்குமுன் நம்மைத் தாக்குகின்றது என்பதையும் யான் அறிவேன். அவ்வாண்டு யான் பல மேடைகளில் நந்தனார் வரலாறு உரைத்தேன். நத்தத்தைப் பற்றி ஒரு மேடையிலும் வாய்திறந்திலேன். சமூகவியல் கற்ற பிள்ளை அதனைத்தான் முதலிற் கேட்பான்.

சாதி பற்றிய இவ்வினாவில் வெபர் வருகின்றார். மாக்ஸ் வெபர் என்னும் செருமானிய அறிஞர் 1916-ல் இந்திய சமயங்களைப் பற்றி எழுதத் தொடங்கினார்; அஃது ஆங்கிலத்தில் 1958-ல் வெளிவந்தது. வினைக்கொள்கையும் சாதியும் ஒன்றோடொன்று பிணைந்தமையால், தாழ்ந்த நிலையினன் தன் நிலைக்குத் தன் பழவினையே காரணம் என்று அமைந்து, சாதிக்கடனை வழுவாது செய்து மறுபிறப்பில் உயர்வு நாடுவான். ஆகலின் இந்நாட்டிற் சமூக மாறுதல் எழவில்லை என்பது அவர் கூற்று. அவர் இந்தியாவிற்கு வந்திலர். சைவ சித்தாந்தத்தைப் பற்றி சோமெருசு என்னும் பாதிரியார் எழுதிய பெருநூல் அவர்தம் மொழியிலேயே 1912-ல் வெளிவந்துவிட்டது. ஆயினும் வினை என்பது தானே இயங்கும் பொறி என்று கொண்டே அவர் வாதம் செல்கின்றது.

நம் கொள்கை அதுவன்று. வினை சடம், தானே பயனை ஊட்டமாட்டாது, ஊட்டுவிப்பவன் இறைவன் என்பது சிவஞானபோத இரண்டாம் சூத்திரத்தின் பொருள். ஊட்டுதலும் ஒறுத்தற்பொருட்டு அன்று, மலம் பக்குவப்படுதற்பொருட்டு. மருத்துவன் கைப்பு மருந்து ஊட்டுதலைக் கண்டு, நோயாளிக்குக் கைப்பே விதி என்று எண்ணி, அயல்வீட்டானும் அவன் வாயில் வேம்பைத் திணிக்கலாமோ? பழவினை நுகர்விப்பவன் இறைவன் என்றால், அத்தொழிலைத் தாம் ஏற்றுக்கொண்டு ஒருவனைத் தெருவிற்கு வெளியே நிறுத்தும் உரிமை ஊராருக்கு எவர் கொடுத்தார்? இன்னும், தனு கரண புவன போகங்கள் மாயையின் காரியம். சாதி தனுவைப் பற்றியது. உயிருக்குச் சாதி இல்லை. உயிரைப் பிணித்த பாசத்திற்கே சாதி. தம் குடும்பத்திற்கே குருவாயிருந்த சகலாகம பண்டிதர், ஆதிசைவ மரபினர், ஆண்டிலும் மூத்தவர், வேளாளக் குழந்தையாகிய மெய்கண்டார் திருவடியில் வீழ்ந்து அருணந்தியானார். உமாபதியார் பெற்றான் சாம்பானுக்கு அளித்த தீக்கை அவனை மறுபிறப்பிற்குக் காத்திருக்கச் செய்யவில்லை. அவ்வுடம்போடு அப்பொழுதே முத்தி என்பது மரபு. திருநீலகண்ட யாழ்ப்பாணரைத் திருநீலநக்கர் தம் மனையில் வேதிகை அருகே துயில வைக்க, அவ்வேதித் தீ வலஞ்சுழித்து எழுந்தது என்பர் சேக்கிழார். வெபர் கூறிய பொறி இவற்றுள் யாண்டு உள்ளது?

இவ்வளவும் எழுதி, வெபரை வென்றோம் என்று எழுதுகோலை வைத்துவிடலாம். ஆனால் வெபர் நூலை விட்டு நம் வரலாற்றைப் பார்க்குமிடத்து வெற்றி நழுவுகின்றது. கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுள் 1897-ல் நாடார் குலத்தார் புகுந்து வழிபட்டதற்கு வழக்குத் தொடரப்பட்டு, 1908-ல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று அவர்க்கு எதிராகவே முடிந்தது. அக்கோயில் சிவன் கோயில், தடுத்தவர் திருநீறணிந்தவர். மதுரைக் கோயிற்கதவு தாழ்த்தப்பட்டார்க்கு 1939 சூலை 8-ஆம் நாள் திறந்தபொழுதும் எதிர்ப்பு நம்முள்ளிருந்தே வந்தது. ஆறுமுக நாவலர் செய்த தொண்டு அளப்பரிது. சாதி ஆசாரத்தில் அவர் கொண்ட உறுதியும் மறைத்தற்கரியது. மறைமலையடிகள் 'சாதி வேற்றுமையும் போலிச் சைவரும்' என்று நூலுக்குப் பெயரிட்டபொழுது போலிச் சைவர் யாண்டும் இலர் என்று எண்ணி இட்டாரல்லர். சுருங்கச் சொல்லின், வெபர் சித்தாந்தத்தைப் பற்றிச் சொன்னது பிழை. சித்தாந்திகள் பலரைப் பற்றி அது பிழையன்று. இவ்வேறுபாட்டைக் கல்லூரி ஆசிரியர் சொல்லமாட்டார். அவருக்கு நூலும் வழக்கும் ஒன்றே. நம் மேடையும் சொல்வதில்லை. பிள்ளைக்கு யார் சொல்வது?

மற்றையோரைப் பற்றி விரித்தல் வேண்டா. சமயத்தை அபினி என்ற மார்க்சின் கூற்றை இரு திறத்தாரும் பாதியே சொல்கின்றனர். அதே இடத்தில் சமயத்தைத் துன்புற்றார் தேடும் ஆறுதலாகவும் அவர் கண்டார் என்பதை ஆதரிப்பாரும் மறைக்கின்றனர், எதிர்ப்பாரும் மறைக்கின்றனர். சமூகவியல் என்னும் பெயரையே வழங்கிய கோந்த் என்பார், கடவுட் கொள்கை மனித அறிவின் குழந்தைப்பருவம் என்று கூறிவிட்டு, முதுமையில் மனிதகுலத்தையே பீடத்தில் ஏற்றி, அதற்குப் பூசாரிகளையும், பெரியோர் பெயரால் நாட்காட்டியையும் வகுத்தார்! மைசூரில் தோன்றிய எம். என். சீனிவாஸ் 1952-ல் குடகர் பற்றிய நூலில், தாழ்ந்த சாதியார் புலாலும் கள்ளும் நீக்கி உயர்சாதி ஒழுக்கத்தைப் பின்பற்றி மேனிலை நாடும் நிகழ்ச்சிக்குச் சமற்கிருதமயமாதல் என்று பெயரிட்டார். மதிப்பு வேண்டித் திருநீறு பூசுவானும் அன்பினாற் பூசுவானும் புறத்தே ஒருபடித்தாகவே தோன்றுவர். புறத்தையே காணும் நூலுக்கு வேறுபாடு தெரியாது. ஆயினும் மதிப்பு வேண்டிப் பூசுவானைப் பற்றி அவர் சொன்னது முற்றும் சரி. நம் சபைகளில் அவன் பெரும்பாலும் முதல் வரிசையிலேயே இருக்கின்றான்.

இனி, அந்நூலிலிருந்து நாம் கொள்ளவேண்டுவது ஒன்று உண்டு. இதனையே யான் முதன்மையாகக் கருதுகின்றேன். மனிதன் எண்ணுவதும் விரும்புவதும் வெறுப்பதும் அவன் பிறந்த வீட்டாலும் தெருவாலும் பள்ளியாலும் வகுக்கப்படுகின்றன என்பது சமூகவியல் முழுவதற்கும் அடிப்படை. உயிர் சார்ந்ததன் வண்ணமாதல் என்பது மெய்கண்ட நூலின் அடிப்படைகளுள் ஒன்று. படிகம் அருகிலுள்ள நிறத்தையே காட்டும். நாம் இவ்வுண்மையைத் தனி உயிர், தனி மலம் என்று மட்டுமே விரித்தோம். ஊர் முழுதும் ஒரு நிறத்தை எவ்வாறு ஏற்றுகின்றது, ஐந்து வயதுப் பிள்ளை எந்தத் தெருவிற்குப் போகலாகாது என்பதை ஒருவரும் சொல்லாமலே எவ்வாறு கற்கின்றது என்பதனை அவர்கள் ஆராய்ந்தனர். தஞ்சைச் சிற்றூர் ஒன்றில் தங்கிச் சாதி, வகுப்பு, அதிகாரம் மூன்றையும் ஆராய்ந்து ஆந்த்ரே பெத்தேய் 1965-ல் எழுதிய நூலைப் படிப்பார்க்கு, பாசம் என்னும் சொல் எவ்வளவு பருப்பொருள் என்பது விளங்கும். அவர்கள் பாசத்தை நன்கு கண்டனர். ஆனால் நிறத்தை ஏற்கும் படிகம் எது, அதனை ஒளிர்விக்கும் ஞாயிறு எது என்று வினவாது நின்றனர். நாம் படிகத்தையும் ஞாயிற்றையும் பற்றி ஓயாது பேசி, அருகிற் கிடக்கும் நிறப்பொருளை ஏறிட்டும் பார்த்திலோம். நோயின் இயல்பை அறியாது மருந்தின் பெருமை பேசும் வைத்தியனிடம் எவர் செல்வர்?

ஆகலின் சைவ சபைகளுக்கு யான் கூறுவது இது. விடுமுறை நாட்களில் நடக்கும் சித்தாந்த வகுப்பில் ஒரு வாரம் டுர்க்கைம், மறுவாரம் பரபக்கத்து மீமாஞ்சக மறுப்பு. ஒரு வாரம் வெபர், மறுவாரம் இரண்டாம் சூத்திரம் என்று இணைத்து நடத்துக. டுர்க்கைமை எடுத்துரைப்பவர் சமூகவியல் கற்ற பிள்ளையாகவே இருத்தல் வேண்டும். நம்மவர் சுருக்கிச் சொல்லின் கொள்கை மெலிந்துபோம், மெலிந்ததை மறுத்தலில் வீரமில்லை. கல்லூரி ஆசிரியர்க்கும் ஒரு வேண்டுகோள். தேர்வுக்கென அச்சிட்ட வினாவிடைச் சுருக்கத்தில் 'கடவுள் என்பது சமூகமே' என்று ஒரு வரி நிற்கின்றது; அஃது ஒருவர் துணிபு, அதற்கு அவர் காட்டிய ஏது இன்னது, அவ்வேதுவை அந்நாட்டு அறிஞரே மறுத்ததும் உண்டு என்னும் மூன்றும் அதனோடு சேர்த்துச் சொல்லப்படல் வேண்டும். பிறர் வேதத்தை உருப்போடுதல் நம் வேதத்தை உருப்போடுதலினும் அறிவாகாது.

அம்மாணவரை விசாரித்துக் கண்டு, அன்று வாளாவிருந்தமைக்கு வருத்தம் தெரிவித்தேன். அடுத்த விரிவுரையில் டுர்க்கைம் கொள்கையை அரைமணி நேரம் அவரே உரைக்க இசைந்திருக்கின்றார். மறுதலை என் பொறுப்பு. என் மறுப்பு தம் ஆசிரியரை அசைக்காது என்று அவர் நகைத்துக்கொண்டே கூறினார். முதல் வரிசைப் பெரியவர்க்கும் அழைப்பு அனுப்பியுள்ளேன். வருவதாக இன்னும் விடை வரவில்லை.